திருவெள்ளறை வழியாக ஒரு பேய்ப் படம்

இது நடந்தது 1979-ஆம் வருடம், ஆவணி மாதத்தில். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு வீட்டின் மேல் போர்ஷனில் குடியிருந்தோம். நான், என் கணவர், என் மாமியார், மூன்றே பேர்.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேய்ப் படம் என்றால் உயிர். அதுவும் சும்மா பயமுறுத்துகிற படம் இல்லை, பேய் வழுக்கி விழுகிற படம், எலும்புக்கூடு தும்முகிற படம். என் அப்பா துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். எல்லோரும் போகிற படத்துக்கு அவர் எங்களைக் கூட்டிப்போக மாட்டார். எது ஒரு வாரத்தில் பெட்டியைக் கட்டப்போகிறதோ அந்தப் படத்துக்குத்தான் என்னையும் தம்பியையும் கூட்டிப்போவார். பெரும்பாலும் வேறு மொழியிலிருந்து வந்த டப்பிங் படங்கள். வாய் ஒரு பக்கம் அசையும், பேச்சு இன்னொரு பக்கம் கேட்கும். ஆனால் அந்த மாதிரிப் படங்களில் பின்னணி இசை மட்டும் எப்படியோ அபாரமாக இருந்துவிடும். கதை மறந்துபோகும், இசை மறக்காது. வீட்டுக்கு வந்து எவர்சில்வர் டம்ளரில் அதைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா சொன்ன ஒரே புத்திமதி, "சினிமாவைப் பத்தி மட்டும் வாயத் திறக்காதே" என்பதுதான். ஏனென்றால் அவர்கள் அப்படிப்பட்ட குடும்பம். மாமனார் பரமபதித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மாமியாருக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. விடியற்காலை ஸ்நானம், பாராயணம், கோயில், பிறகு அடுக்களையில் தளிகை என்று கடிகாரம் மாதிரி இருப்பார். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். கூஜாவில் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். சிரித்து நான் பார்த்ததில்லை. கோபித்தும் பார்த்ததில்லை. அதிகம் பேசாதவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கும் அல்லவா, அப்படித்தான் அந்த வீடு நடந்தது. என் கணவர் கன்டோன்மென்ட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் அம்மாவிடம் கேட்காமல் ஒரு சட்டைத் துணிகூட எடுக்க மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமியாரும் நானும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பெரிய கடைவீதிக்குப் போனோம். வாங்க வேண்டியதை வாங்கி முடித்ததும், கோட்டைப் பக்கம் இருந்த ஒரு தியேட்டரில் பக்திப் படம் ஒன்று ஓடுவதாக நான் சொன்னேன். பெருமாள் கதை என்பதால் அவரும் தலையசைத்தார். போய்ச் சேர்ந்தால், அன்றைக்குத்தான் படம் மாறியிருந்தது. வாசலில் பக்திப் படத்தின் பழைய போஸ்டர் பாதி கிழிந்து கிடக்க, அதன் மேல் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார்கள். பெரிய மண்டையோட்டுடன் ஒரு எலும்புக்கூடு, அதன் கழுத்தில் ரோஜா மாலை, கையில் நாகஸ்வரம்.

அந்த நிமிஷம் நான் செய்ததைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "படம் மாறிடுத்தும்மா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியாரைப் பெண்கள் பக்கம் நிழலில் நிறுத்திவிட்டு, நேராகப் போய் இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஏழு மாதமாக ஒரு படமும் பார்க்காத பைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்த் தெரியாததுபோல் நடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

படம் பாதி கறுப்பு வெள்ளை, இரண்டு பாட்டு மட்டும் கலர். பெயரை எழுதப் போவதில்லை, எழுதினாலும் யாருக்கும் தெரியாது. கதை இதுதான். ஒரு நாகஸ்வர வித்வான் கச்சேரி நடுவில், ஆலாபனை முடியும் முன்பே செத்துப்போகிறார். பேயாகிப் பழைய பங்களாவில் தங்கிவிடுகிறார். அந்த வீட்டுக்கு ஒரு பட்டணத்துக் குடும்பம் குடிவருகிறது. அவர்களைப் பார்த்துப் பேய்தான் பயந்து நடுங்குகிறது. தலையைத் தனியாகக் கழற்றி மிருதங்கப் பெட்டியில் ஒளித்து வைத்துக்கொள்ளும். கழற்றும்போது நூல் தெரியும். ஆனால் அந்தப் பேய் வரும்போதெல்லாம் ஒரு இசை வந்தது பாருங்கள். முதலில் நாகஸ்வரம் தனியாக அழும். அதற்கு அடியில் கிடார் ஒன்று கட்டையான குரலில் துள்ளும். அப்புறம் மாதாகோயில் ஆர்கன் மாதிரி ஒன்று மெதுவாக எழுந்து வந்து இரண்டையும் மூடிக்கொள்ளும். சிரிப்பதா அழுவதா என்று புரியாத இசை.

நான் படத்தைப் பார்த்ததைவிட மாமியாரைப் பார்த்ததுதான் அதிகம். இடைவேளை வரை அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விளக்குப் போட்டதும், "போயிடலாமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"டிக்கெட் வாங்கியாச்சு. உக்காரு" என்றார். கூஜாவைத் திறந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல எழும். தியேட்டரே அலறியது. எனக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். அப்போது என் பக்கத்தில் விசித்திரமாக ஒரு சத்தம். மாமியார் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். பயந்து அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கை தாளம் போடறது பாரு. வாசிக்கறது ரூபகம். அது ஆதி தாளம் போட்டுண்டிருக்கு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் சிரிப்பு.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காட்சி. பேய் தலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைத் தொலைத்துவிடும். தலையில்லாத உடம்பு நாகஸ்வரத்தை எடுத்து வாசிக்கப் பார்க்கும். வாய் இல்லை அல்லவா. வாயில் வைத்து ஊதுகிற சீவாளி கழுத்துக்கு மேலே காற்றில் ஆடும். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு, விசில், நான்கூட விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்து வந்த கண்ணீர் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரே பயப்படும்போது சிரிக்கிறார், ஊரே சிரிக்கும்போது அழுகிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத் தளிகைக்குப் போய்விட்டார். சாயங்காலம் கணவர் கேட்டதற்கு, "கடைவீதிக்குப் போயிட்டு வந்தோம்" என்று மட்டும் சொன்னார். நான் அன்றைக்கு முழுக்க ஏதாவது வரும் வரும் என்று காத்திருந்தேன். மறுநாளும் வரவில்லை. ஞாயிறும் போனது. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் தலையை நிமிராமல் கேட்டார்.

"அந்தப் படம் இன்னும் இருக்கா?"

"எந்தப் படம்மா?"

"எத்தனை படத்துக்கு நாம போனோம்?"

வியாழன் வரை இருக்கும் என்றேன். கத்தியைக் கீழே வைத்தார். "சுபபந்துவராளி ராகம்னுதான் கேட்டுண்டே வரேன். நடுவில எங்கேயோ திரும்பி வேற எங்கேயோ போயிடறது. எங்கே திரும்பறதுன்னு பிடிபடலை. நாலு நாளா மண்டைக்குள்ள ஓடிண்டே இருக்கு" என்றார். கல்யாணத்துக்கு முன் பதினோரு வருடம் பாட்டுக் கற்றுக்கொண்டவர் அவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் அவர் பாசுரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பாடிக் கேட்டதில்லை.

மறுநாள் என் கணவரிடம், திருவெள்ளறைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறோம் என்று சொன்னார். நான் அதை ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தியேட்டர் பக்கம் திரும்பினேன். என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொய் சொல்லப்படாது. திருவெள்ளறைன்னு சொன்னேனோல்லியோ, மொதல்ல அங்கே போகணும்."

நிஜமாகவே துறையூர் பஸ் ஏறித் திருவெள்ளறை போனோம். படிகள் ஏறினோம். பெருமாளைச் சேவித்தோம். கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து கொண்டுபோன தயிர் சாதத்தைச் சாப்பிட்டோம். அங்கே வைத்துத்தான் நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, முதல் நாள் போஸ்டரைப் பார்த்தும் சொல்லாமல் அவரை ஏமாற்றி உள்ளே அழைத்துப்போனதைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டே, "அவ்வளவு பெரிய மண்டையோடு வாசல்ல ஒட்டியிருந்தது. எனக்குக் கண்ணு தெரியாதா என்ன?" என்றார்.

அப்படியானால் தெரிந்தேதான் வந்தாரா? ஏன்? கேட்கலாமா என்று யோசிப்பதற்குள், "மூணு மணிக்கு மேட்னி. கிளம்பு" என்று எழுந்துவிட்டார்.

அன்றைக்கும் அதே இடத்தில் சிரித்தார், அதே இடத்தில் அழுதார். இசை திரும்புகிற இடம் மட்டும் பிடிபடவில்லை. அடுத்த படத்தின் பெட்டி வந்து சேராததால் இதையே இன்னொரு வாரம் ஓட்டினார்கள். அது எங்கள் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று தெரியாது. அந்தத் திங்கட்கிழமை உறையூர் நாச்சியார் கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டு மூன்றாம் தடவையாக அதே படத்துக்குப் போனோம். இடைவேளையில் மாமியார், "இதுக்கு ரெக்கார்டு உண்டான்னு யாரையாவது கேளேன்" என்றார். அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்து, ஆபரேட்டர் ரூம் படிக்கட்டின் கீழே பீடி பிடித்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

"ரெக்கார்டாங்க? படம் ஓடினாத்தானே ரெக்கார்டு போடுவாங்க. இதை மெட்ராஸ்லயே நாலு நாள்ல தூக்கிட்டாங்க. ரேடியோலயும் வராதுங்க. கேக்கணும்னா இங்க வந்துதான் கேக்கணும்" என்றார். பிறகு, "மூணு தடவை இதைப் பார்த்த ஆளு நீங்க மட்டும்தாங்க. நானே கண்ண மூடிக்கிட்டுத்தான் ஓட்றேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தெருவிலிருந்து என் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் பார்த்திருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்தபோதே முகம் சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் பரிமாறினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"நேத்திக்கு எங்கே போயிருந்தே?" என்றார், இலையைப் பார்த்துக்கொண்டே.

"உறையூருக்கு."

"அதுக்கப்புறம்?"

மாமியார் சாத்தமுது விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ரசத்துக்கு அதுதான் பெயர். கரண்டி ஒரு கணம் இலைக்கு மேலே நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாத்தமுதை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"சினிமாவுக்குப் போனேன்" என்றேன்.

"யாரோட?"

"தனியா."

"அம்மா?"

"அம்மாவைப் பஸ் ஏத்தி விட்டுட்டு நான் மட்டும் போனேன்."

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. மாமியாரைக் காப்பாற்றவேண்டும் என்று யோசித்துச் சொன்னதும் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து அவர் வருவார், "அவ பொய் சொல்றாடா, நானும்தான் போனேன்" என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். உள்ளே பாத்திரத்தை மூடிவைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கணவர் அடுத்து அந்த ஆள் யார் என்று கேட்டார். ஆபரேட்டர், ரெக்கார்டு கேட்டேன் என்றேன். ஒரு படத்தின் ரெக்கார்டைக் கேட்க எந்தப் பெண்ணாவது முன்பின் தெரியாத ஆளிடம் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பாளா என்றார். அவர் பாதியில் எழுந்து கை கழுவினார். "உங்க அப்பாவுக்கு லெட்டர் போடறேன். ஞாயித்துக்கிழமை வந்து அழைச்சுண்டு போகட்டும். கொஞ்ச நாள் அங்கே இரு" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அழுதிருப்பேன். அந்த மெதுவான குரல்தான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் அலுவலகம் போன பிறகு மாமியார் பாராயணம் முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லப்படாதாம்மா?"

அவர் புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது" என்றார். எழுந்து போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மூன்று தடவை பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துச் சிரித்த மனுஷி இவர்தானா என்று இருந்தது. அன்று சாயங்காலம் கணவர் வந்ததும், இனி மறைப்பதில் என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தனியாகப் போகவில்லை, அம்மாவும் வந்தார்கள், மூன்று தடவையும் வந்தார்கள், ரெக்கார்டு கேட்கச் சொன்னதே அவர்கள்தான் என்று.

அவர் சிரித்துவிட்டார். நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தார். "எங்கம்மாவா? பேய்ப் படத்துக்கா?" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. முகம் சிவந்துபோனது. "பண்ணினது போறாதுன்னு எங்கம்மாவை வேற இழுக்கறயா?" என்றார்.

இப்படி ஒன்று நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பொய் சொன்னபோது பாதியாவது நம்பினார். உண்மையைச் சொன்னபோது ஒரு எழுத்துக்கூட நம்பவில்லை. மாமியாரைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. அதைக் கேட்பதே அம்மாவுக்கு அவமரியாதை என்று நினைத்தார். லெட்டர் அன்று காலையிலேயே தபாலில் போய்விட்டது என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை கணவர் ஒரு வேலை செய்தார். அது எனக்கு அப்போது தெரியாது. அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக அந்தத் தியேட்டருக்குப் போயிருக்கிறார். ஆபரேட்டரைக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார். "ஆமாங்க, ஒரு அம்மா ரெக்கார்டு இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன். ஏங்க, உங்களுக்கும் வேணுங்களா?" என்று அந்த மனிதர் வெள்ளந்தியாகக் கேட்டிருக்கிறார். பிறகு என் கணவருக்கு என்ன தோன்றியதோ, டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்திருக்கிறார். படத்துக்கு அதுதான் கடைசி நாள். எப்போதும் வருகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. நான் என் புடவைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். எடுத்து வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சிலவற்றை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கணவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் மாமியார் தளிகை செய்துகொண்டிருந்தார். அப்போது அவர் முணுமுணுத்தது கேட்டது. முதலில் பாசுரம் என்றுதான் நினைத்தேன். இல்லை. நாகஸ்வரம் தனியாக அழுமே, அந்த இடம். மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரமாகத் தொட்டுக்கொண்டு போனார். அந்தக் கட்டைக் குரல் கிடார் துள்ளுவதைக்கூடத் தொண்டைக்குள்ளேயே கொண்டுவந்தார். திரும்புகிற இடத்துக்கு வந்ததும் நின்றார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். மூன்றாவது தடவை நிற்கவில்லை. அப்படியே திரும்பி, அந்த இசை போன இடத்துக்கெல்லாம் போனார்.

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. என் கணவர் எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றார். அவர் இன்னும் குளிக்கவில்லை, உள்ளே போகக்கூடாது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா பாடறே?"

"ஏதோ வாயில வந்தது."

"எங்கே கேட்டே அதை?"

அந்த இசையைத் தெரியாத ஆள் அப்படிக் கேட்க மாட்டார். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துத் திரும்பி, மகனை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"நீ எங்கே கேட்டியோ, அங்கேதான்."

என் கணவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. தெரிந்த வீட்டுக்குள் நுழைந்தும் அடையாளம் தெரியாமல் நிற்கிற மாதிரி இருந்தது. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பெட்டியைப் பார்த்தார். "மூணு தடவையா?" என்று கடைசியில் கேட்டார்.

"குழம்பு கொதிக்கறது. நகரு" என்றார் மாமியார்.

பத்து மணிக்கு என் அப்பா வந்தார். கையில் லெட்டர். முகம் வெளுத்திருந்தது. என்ன தப்பு நடந்தது என்று அவரால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. என் கணவர் எழுந்து போய் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "ஒண்ணுமில்லை மாமா. சும்மாதான் வரச் சொன்னேன். இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்றார். அப்பா கையிலிருந்த லெட்டரை ஒரு தடவை பார்த்தார். அதில் அப்படி எழுதியிருக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பிட்டார், தாம்பூலம் வாங்கிக்கொண்டார், ஒன்றும் புரியாமலேயே மூன்று மணி பஸ்ஸில் துவாக்குடிக்குத் திரும்பிப் போனார். அவருக்கு முழுக் கதையையும் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அன்று இரவு என் கணவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் உடனே மன்னித்துவிடவில்லை. உண்மையைச் சொன்னபோது சிரித்தீர்களே, அது மட்டும் ஆறவில்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கோபம் எனக்குப் போக மார்கழி ஆனது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன், அன்று சாயங்காலம் நடந்தது. அப்பா போன பிறகு மாமியார் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் நாரைப் பிரித்துக்கொண்டே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

"அவன் அப்பா போனப்பறம் இந்த ஆத்துல நான் சொன்னா நடக்கறது. கொழுந்தனார் மச்சினர் எல்லாரும் வந்தா எழுந்து நிக்கறா. ஏன் தெரியுமோ? எனக்கு எதுமேலயும் ஆசை இல்லைன்னு அவாளுக்கெல்லாம் நெனப்பு. ஒரு ஆசை இருக்குன்னு தெரிஞ்சா போறும், அப்பறம் நானும் ஒரு சாதாரணப் பொம்மனாட்டி. நீ ஒரு வாரம் அழுவே, பத்து நாள் அழுவே, அவன் வந்து அழைச்சுண்டு வந்துடுவான். என்னுது போச்சுன்னா திரும்பாதுன்னு கணக்குப் போட்டேன். உன் தலையில விழறது விழட்டும்னு இருந்துட்டேன். அது பாபம்தான்."

பாவம் என்று சொன்னாரே தவிர, மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததா, பரிதாபமா, இரண்டும் சேர்ந்ததா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"அப்போ காலம்பற வேணும்னுதான் பாடினேளா?"

தொடுத்துக்கொண்டிருந்த கை நின்றது. "தெரியலை" என்றார். கொஞ்சம் யோசித்து, "பாடறச்சே அந்தத் திருப்பம்தான் மனசுல இருந்தது. அவன் இருக்கறது ஞாபகம் இருந்துதா இல்லையான்னு கேட்டா, தெரியலை" என்றார். அது உண்மையா, அல்லது தான் செய்த நல்ல காரியத்தைக்கூட ஒத்துக்கொள்ளாத பிடிவாதமா, எனக்கு அப்போதும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் மரியாதை குறைந்ததா என்று கேட்டால், வெளியில் யாருக்கும் தெரியாததால் குறையவில்லை. வீட்டுக்குள் கொஞ்சம் மாறியது. என் கணவர் எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் கேட்பதை மெல்ல மெல்ல விட்டார். அது மாமியாருக்கு வருத்தமாக இருந்ததா என்றும் சொல்லத் தெரியாது. ஆனால் எண்பதுகளில் ஊருக்குள் எந்தக் கோணல்மாணலான பேய்ப் படம் வந்தாலும் மூன்று பேருமாகப் போக ஆரம்பித்தோம். கணவர் இடைவேளைக்குள் தூங்கிவிடுவார். நாங்கள் இருவரும் இசைக்காக உட்கார்ந்திருப்போம். மாமியார் சிரிக்கிற இடத்தில் தியேட்டரில் வேறு யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்த முதல் படம் மாதிரி இன்னொன்று வரவே இல்லை. அதன் இசையை அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதும் இல்லை. 1987-இல் அவர் போய்ச் சேர்ந்த பிறகு அதை முழுதாக அறிந்த தொண்டை இந்த ஊரில் இல்லை. எனக்குப் பாதி வரைதான் வரும்.

எட்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில், ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் அவரை நான் புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது யாரையாவது பற்றி, "அவங்க அப்படியெல்லாம் போற ஆளே இல்லை" என்று அடித்துச் சொன்னால், இப்போதும் நான் தலையாட்டுவதில்லை.